நாக்-அவுட்: தமிழில் வெளியேற்றச் சுற்று

தோற்ற அணி அதோடு வீட்டுக்குப் போகும் ஆட்டமுறைக்குத்தான் நாக்-அவுட் என்று பெயர். குத்துச்சண்டையில் பிறந்த ஆங்கிலச் சொல். கீழே விழுந்தவர், நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழாவிட்டால் நாக்-அவுட். மலாயில் 'காலா மாத்தி' என்பார்கள்: காலா என்றால் தோல்வி, மாத்தி என்றால் சாவு. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் திடலில் எழுவர் போட்டி நடந்தால் மைக்கில் கேட்பதும் இதுதான். காலையில் குழு ஆட்டம், வெயில் தாழ்ந்ததும் காலா மாத்தி. தோற்றவர்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு செம்பனை நிழலுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

தமிழில் 'வெளியேற்றச் சுற்று' என்பதே பொருத்தம். 'நீக்கல் சுற்று' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அது வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் மாதிரி இருக்கிறது. 'இறுதிச் சுற்று' வேண்டவே வேண்டாம், இறுதியாட்டத்தோடு குழம்பும். காலிறுதியில்தான் இது தொடங்குகிறது என்பதும் தவறு. கால்பந்து உலகக் கிண்ணத்தில் 2022 வரை 16 அணிகளோடு தொடங்கியது. 2026 முதல் 32 அணிகள்.

ஒட்டுக்கடையில் இந்தச் சொல் அடிபடுவது பெரும்பாலும் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்துத்தான். "பெரிய ஆட்டம்னா ஆளக் காணோம் லா!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பாதி உண்மை. 2006 முதல் 2022 வரை ஐந்து உலகக் கிண்ணங்களில் அவர் அடித்த 8 கோல்களும் குழு ஆட்டங்களில் வந்தவை. வெளியேற்றச் சுற்றில் 8 ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லை. (அந்த எட்டில் 2006-இல் ஜெர்மனியோடு ஆடிய மூன்றாம் இட ஆட்டமும் சேர்த்தி. அதில் தோற்றாலும் யாரும் வெளியேறப் போவதில்லை, ஆனாலும் கணக்கு அப்படித்தான்.) அதே ஆண்டு காலிறுதியில் இங்கிலாந்தை வெளியே அனுப்பிய கடைசிப் பினால்டி அவர் உதைத்ததுதான். ஆனால் ஆட்டம் முடிந்தபின் உதைக்கும் பினால்டிகள் கோல் கணக்கில் ஏறாது.

சரி, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்? அங்கேயும் வெளியேற்றச் சுற்று உண்டு, அதில் மட்டும் அவருக்கு 67 கோல். 2017-இல் பாயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் காலிறுதியின் இரண்டு ஆட்டங்களில் 5, அரையிறுதியில் அட்லெட்டிக்கோவுக்கு 3, இறுதியில் யுவெண்டஸுக்கு 2. இதையெல்லாம் பெரிய ஆட்டம் இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது? குறை சொல்பவர் 'உலகக் கிண்ண வெளியேற்றச் சுற்று' என்று முழுதாகச் சொல்லட்டும். ரொனால்டோ ரசிகர்களால் மறுக்க முடியாது. வெறும் 'பெரிய ஆட்டம்' என்றால் வழக்கு நிற்காது.

மெஸ்ஸிக்கும் 2018 வரை நான்கு உலகக் கிண்ணங்களில் இதே பூஜ்யம்தான். 2022-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடங்கி, நெதர்லாந்து, குரோவேசியா என்று ஆளுக்கு ஒரு கோல், இறுதியில் பிரான்ஸுக்கு இரண்டு. அதற்கு முன் இருந்த பூஜ்யத்தைப் பற்றி மட்டும் மெஸ்ஸி ரசிகர்கள் ஒட்டுக்கடையில் வாயே திறப்பதில்லை.