அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸுக்குக் கதை எழுதித் தர மாட்டேன்

இந்த மாதமும் வழக்கறிஞரான என்னைத் தேடி, தமிழ்நாட்டில் அகதியாக இருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் வந்துவிட்டார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் டைப் செய்து கொடுத்த எட்டுப் பக்கத்தை மேஜையில் வைத்து, "தம்பி கனடாவில் இறங்கினதும் அசைலம் அடிக்கப் போறான், இதைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காக்கித் தாங்கோ மேடம்" என்றார்.

2008-இல் தம்பியை வவுனியாவில் ராணுவம் பிடித்து அடைத்து வைத்ததாம். ஃபைலின் கடைசியில் அதே ஆண்டு கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் அவன் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வின் மார்க் ஷீட்! ஏஜென்சியே சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் மாமா புலிகள் இயக்கத்தில் இருந்ததும், ஊர் திரும்பிய அம்மாவிடம் சிஐடி வந்து இவனைப் பற்றி விசாரித்ததும் எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. கேட்டால், "அது சின்ன விஷயம்தானே மேடம்?"

சின்ன விஷயமா! அதுதான் கேஸே.

அடி பலமாக இருந்தால் கேஸ் நிற்கும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களோ. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை எத்தனை அடி வாங்கினாய் என்று கேட்கவில்லை. திரும்பிப் போனால் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, சார்ந்திருக்கும் சமூகப் பிரிவு இவற்றில் ஒன்றின் பேரில் உனக்கு ஆபத்து வருமா, அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்றுதான் கேட்கிறது. காணித் தகராறில் கை ஒடிந்தவர் அகதி ஆகாமல் போகலாம். நகம்கூடப் படாதவர் அகதி ஆகலாம். விசாரிப்பவர் ஒரே சம்பவத்தை முன்னும் பின்னுமாகக் கேட்பார். மனப்பாடக் கதை அங்கே சிக்கிக்கொள்ளும். "ஞாபகம் இல்லை" என்பது தாராளமாகச் சொல்லக்கூடிய பதில். ஒரு பொய் பிடிபட்டால் அம்மாவிடம் சிஐடி வந்த உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, "இந்தியாவில் இருந்ததை மறைத்துவிடு" என்ற அறிவுரை. எப்படி மறைப்பது? அகதிகள் முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. நாட்டை விட்டுப் போக எக்ஸிட் பெர்மிட் வாங்கித்தான் விமானம் ஏற வேண்டும். விசாவுக்கு விரல் ரேகை கொடுக்கும்போதே விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் கனடா அரசின் கையில். மறைக்கத்தான் என்ன இருக்கிறது? இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. இத்தனை வருடம் இருந்தும் குடியுரிமை கிடைக்கவில்லை என்பது அங்கே அவசியம் சொல்ல வேண்டிய விஷயம்.

கனடா கேஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆஜராக வழக்கறிஞர்கள், குடிவரவு ஆலோசகர்கள் என்று அங்கே உரிமம் பெற்றவர்கள் போன்றோருக்குத்தான் அனுமதி. (நான் இங்கே ஹைகோர்ட்டில் கறுப்புக் கோட் போடுவது அங்கே செல்லாது. ஏஜென்சியின் விசிட்டிங் கார்டு மட்டும் செல்லுமா?) உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் இணையத்தில் பொதுப் பட்டியலாகவே இருக்கின்றன, பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கு ஒன்டாரியோவில் சட்ட உதவி உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையம் எந்தச் சேவைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லிக் காசு கேட்பவன் மோசடிக்காரன்.

முகாம் அட்டை, டிசி, பிறப்புச் சான்றிதழ் எதன் ஒரிஜினலையும் ஏஜென்சியிடம் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை விமானக் கழிப்பறையில் கிழித்துப் போடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆள் யார் என்று நிரூபிக்கவே அப்புறம் அல்லாட வேண்டும். ஆவணங்களைத் திரட்ட, மொழிபெயர்க்க, அஃபிடவிட் தயாரிக்க இங்குள்ள வழக்கறிஞர் யாரும் உதவலாம், நானும் செய்கிறேன். அங்கே போன பிறகு, அசைலம் படிவத்தை முழுதாகத் தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்கு நேரமாகிறது என்றாலும் சரி.