ஜிம்மில் போட்ட ஊசியும் ஜீரோ ரிப்போர்ட்டும்

குழந்தை இல்லை என்று என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில், இரண்டு மாதத்தில் இதே கதையோடு வந்த மூன்றாவது தம்பதி இது. அதனால்தான் கிளினிக் முடிந்து வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கணவருக்கு வயது 33, மனைவிக்கு 29. கல்யாணமாகி நான்கு வருடம். மனைவி கொண்டு வந்த ஃபைல் ஒரு சாண் உயரம் இருக்கும். ஹார்மோன் டெஸ்ட், முட்டை வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, ஒரு லேப்ராஸ்கோப்பி. அத்தனைக்கும் நடுவில் கணவருடையது ஒரே ஒரு தாள், ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்தது. ஒரு மில்லியில் 90 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். குறைவுதான், ஆனால் கைவிட்டுப் போகிற குறைவு இல்லை. அப்போது அவர் எடை 104 கிலோ. எடையைக் குறைக்கச் சொல்லி ஒரு டாக்டர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்.

அவரும் குறைத்தார். ஜிம்மில் சேர்ந்து 14 கிலோ இறக்கியிருக்கிறார். தோள் விரிந்து, ஆளே மாறிவிட்டார். புதிதாக விந்துப் பரிசோதனை எடுத்தோம். ஜீரோ. ஒரு ஜீரோவை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. மாதிரியை மெஷினில் சுழலவிட்டு, அடியில் தங்குவதையும் தேடிப் பார்ப்போம்; வேறொரு நாள் திரும்பவும் எடுப்போம். இரண்டாவது முறையும் ஒரு அணுகூட இல்லை.

"தம்பி, ஜிம்ல ஊசி ஏதாவது போட்டீங்களா?"

மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "டெஸ்டோஸ்டிரோன் மேடம். வாரம் ஒண்ணு. குழந்தைக்கும் நல்லதுன்னு மாஸ்டர் சொன்னாரு."

குழந்தைக்கு நல்லது இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது போலிருக்கிறது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன், அது ஏறினால் விந்தணுவும் ஏறும் என்பது பலருடைய கணக்கு. விந்தணு உருவாகத் தேவையான டெஸ்டோஸ்டிரோன், விதைப்பையில் இருக்கும் விதைக்குள்ளேயே சுரக்க வேண்டும். அங்கே அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சுரக்கச் சொல்லி விதைக்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு ஏறுகிறது. 'இதுவே போதும்' என்று அந்த உத்தரவு நின்றுபோகிறது. விதை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. ரத்த ரிப்போர்ட்டில் ஹார்மோன் தாராளமாக இருக்கும், விதைக்குள் வறண்டு கிடக்கும். ஊசியைக் கூட்டினால் வறட்சிதான் கூடும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்தது. முடிவுகள் 1990-லும் 1996-லும் வெளிவந்தன. பெரும்பாலானவர்களுக்கு விந்தணு ஜீரோவுக்கோ அதன் அருகிலோ இறங்கியது. அந்த மருந்தைத்தான் குழந்தை வேண்டும் என்று நம் பையன்கள் வாரா வாரம் குத்திக்கொள்கிறார்கள்.

"ஆனா உறவுல எந்தக் குறையும் இல்லையே மேடம்" என்பார்கள். இருக்காது. ஆசைக்கும் விறைப்புக்கும் ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் போதும். விந்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம், அதனால் அணுவே இல்லாவிட்டாலும் அளவு குறையாது, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

சரி, எடைக்கும் விந்தணுவுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. கொழுப்பு கூடினால் ஆண் ஹார்மோனில் ஒரு பங்கு பெண் ஹார்மோனாக மாறுகிறது. தொடைச் சதை நெருக்கி விதைப்பையின் சூடு ஏறுகிறது. கூடவே சர்க்கரையும் குறட்டையும் வந்து சேர்கின்றன. பருமனான எல்லோருக்கும் குழந்தை தங்காது என்று அர்த்தமில்லை. ஆனால் எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு எடை குறைப்பது பலன் தரும். 2022-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், பருமனான ஆண்கள் 8 வார உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 16.5 கிலோ குறைத்தார்கள். அவர்களுடைய விந்தணு அடர்த்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. குறைத்த எடையைத் தக்கவைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் அது இறங்கவில்லை. (அந்த ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 800 கலோரி, மருத்துவர் மேற்பார்வையில். வீட்டில் தனியாக முயற்சி செய்யாதீர்கள்.)

என் துறைக்கு வெளியே இருக்கும் டாக்டர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடை கூடிய ஆணுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத்தான் காட்டும், எடை இறங்கினால் பெரும்பாலும் தானாக ஏறும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஊசியோ ஜெல்லோ எழுதிவிடாதீர்கள். 'இனிமேல் குழந்தை வேண்டுமா?' என்று முதலில் கேளுங்கள்.

இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டினால் கவனியுங்கள். ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை விடுங்கள். தினமும் நடங்கள். ஜிம்முக்குத் தாராளமாகப் போங்கள், ஊசி வேண்டாம், பெயர் எழுதாத டப்பாவில் தரும் மாத்திரையும் பவுடரும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களே, மருமகளுக்கு ஸ்கேன் எடுக்கும் முன்பே மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வலி கிடையாது, கத்தி கிடையாது.

ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். காலிக் குப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன். எத்தனை மாதம், என்ன அளவு என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாகப் போகும்.

அந்தத் தம்பியின் ஊசியை நிறுத்தியாகிவிட்டது. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால் அடுத்த பரிசோதனை அப்போதுதான். ஊசியை நிறுத்திய பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அணுக்கள் திரும்புகின்றன. சிலருக்கு இரண்டு வருடம் ஆகிறது, வெகு சிலருக்குத் திரும்புவதே இல்லை. அவர் மனைவிக்கு 29 வயது, காத்திருக்கக் கொஞ்சம் காலம் இருக்கிறது. இதே இரண்டு மாதத்தில் வந்த இன்னொருவரின் மனைவிக்கு 37.