ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு என்ன முதலுதவி வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தையற்கடையில் இஸ்திரிப்பெட்டி ஒரு பெண்ணின் முன்கையில் பட்டுவிட்டது. முதலுதவிப் பெட்டி சுவரில் தொங்கியது, ஆனால் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த கடைக்காரர் வங்கிக்குப் போயிருந்தார். யாரோ பற்பசையைத் தடவிவிட்டார்கள். மாலையில் நான் போனபோது அது காய்ந்து வெடித்து, ஓரத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். மஞ்சளாகிப்போன பஞ்சு, பசை விட்டுப்போன பிளாஸ்டர் நான்கு, காலாவதியான களிம்பு, ஒரு மாத்திரை அட்டை. அந்தக் கைக்கு முதலில் தேவைப்பட்ட மருந்து பத்தடி தள்ளிக் குழாயில் இருந்தது.

இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிட்ட பிறகும் தோலுக்குள் புகுந்த சூடு உடனே போய்விடுவதில்லை. கீழே உள்ள அடுக்குகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதைப் போலத் திசுக்களின் புரதம் உருக்குலைகிறது. ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் கையைப் பிடித்திருந்தால் நீர் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். பட்ட உடனே செய்ய முடியாமற்போனாலும் முதல் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். ஐஸ் வைத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அடிபட்ட திசுவுக்கு ரத்தம் குறையும். பற்பசையும் மையும் காபித்தூளும் காயத்தை மறைத்து, மருத்துவரின் வேலையைக் கடினமாக்கும்.

இத்தகைய சிறு கடைகளுக்கு என்ன தேவை என்று யார் முடிவு செய்வது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று கணக்கு வைத்தது. மின்சார இயந்திரம் ஓடினாலும் 10 பேருக்குக் குறைவான இடங்கள் பொதுவாக அதன் வரையறைக்குள் வரவில்லை. பிரிட்டனில் 25 பேருக்குக் குறைவான, ஆபத்துக் குறைந்த பணியிடத்துக்கு ஒரு பெட்டியும், அதைப் பார்த்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைக்க ஒரு பொறுப்பாளரும் போதும் என்கிறார்கள்; அவருக்குப் பயிற்சி கட்டாயமில்லை. பொறுப்பாளர் என்ற ஏற்பாடு மிகவும் நல்லது. பயிற்சி வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

'ஆபத்துக் குறைந்தது' என்று நாம் சொல்வது வேலையைத்தான். வேலைக்கு வருகிறவர் தன் இதயத்தையும் சர்க்கரையையும் வலிப்பையும் கூடவே கொண்டுவருகிறார். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 108 வந்து சேரும் வரை பொறுக்காதவை எவை?

முதலில் வருவது இதயம் நின்றுபோவது. ரத்த ஓட்டம் நின்றால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளைச் செல்கள் அழியத் தொடங்கும். நடுமார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்தினால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பை முழுதாக எழவிட வேண்டும்; அப்போதுதான் இதயத்தில் மீண்டும் ரத்தம் நிரம்பும். இப்படி இரண்டு நிமிடம் அழுத்தினாலே ஒருவருக்குக் கை தளர்ந்துவிடும். ஆறு பேர் உள்ள கடையிலும் இரண்டு பேராவது இதைப் பழகியிருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தாலும் மற்றவர் தொடங்கிவிடுவார்.

அடுத்தது ரத்தப்போக்கு. துணி வெட்டும் கத்தரி ஆழமாகப் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயத்தின் வாயில் முதலில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலைபோலப் பின்னுகிறது. 'நின்றுவிட்டதா' என்று துணியைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வலை கிழிந்து, பின்னல் முதலிலிருந்து தொடங்கும். தையல் ஊசி விரலுக்குள் முறிந்து தங்கிவிட்டால் தோண்டக் கூடாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. சுற்றியுள்ள பொருள்களை விலக்கிவிட்டு, நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சர்க்கரைநோய்க்கு மருந்து எடுப்பவர் வியர்த்து நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம்; விழுங்கும் நிலையில் இருக்கும்போதே தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம்.

இவ்வளவையும் யோசித்த பிறகு பெட்டியில் வைக்க வேண்டியவை குறைவுதான்: உறை பிரிக்காத காஸ் துணி, சுருள் கட்டுத்துணி, பிளாஸ்டர், கையுறை, கத்தரிக்கோல். மாத்திரை வேண்டாம். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை இன்னொருவருக்கு ஒவ்வாமையையோ வயிற்றில் ரத்தக்கசிவையோ உண்டாக்கலாம். பூட்டும் வேண்டாம்.

அந்தக் கடையில் இப்போது பெட்டி திறந்தே இருக்கிறது. புதிதாக அடுக்கி முடித்தபோது, 108 கேட்டால் என்ன முகவரி சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆறு பேரில் ஒருவருக்குத்தான் கதவு எண் தெரிந்திருந்தது. கை ஆறிவந்த அந்தப் பெண் கதவு எண், தெரு, எதிரில் உள்ள பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டினார்.