மிச்சம் வைத்து நகரும் விமானம்

விமானத் தொழிற்சாலையின் காலைக் கூட்டத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: லைன் நகர்ந்ததா? நகர்ந்திருந்தால் எல்லார் முகத்திலும் நிம்மதி. எதை மிச்சம் வைத்துவிட்டு நகர்ந்தது என்ற கேள்வி கடைசியில் வரும். நேரம் இருந்தால்.

லைன் என்பது உற்பத்தி வரிசை. அதில் விமானம் ஒவ்வொரு ஸ்டேஷனாக, அதாவது வேலையிடமாக, நகர்ந்துகொண்டே உருவாகிறது. எந்த ஸ்டேஷனில் எந்த வேலை என்று பட்டியல் உண்டு. ஏதோ ஒரு பாகம் வரவில்லை என்றால் மேலாளருக்கு இரண்டே வழி. லைனை நிறுத்த வேண்டும், அல்லது அந்த வேலையை அடுத்த ஸ்டேஷனின் கணக்கில் எழுதிவிட்டு விமானத்தைத் தள்ள வேண்டும். தள்ளிவிடப்பட்ட இந்த வேலையை லைனில் 'ட்ராவல்ட் வொர்க்' என்பார்கள். இத்தனை ஆண்டு தரக்கட்டுப்பாட்டில் நான் பார்த்த பெரிய சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுதான்.

முதல் அனுபவம் என்னுடைய தவறுதான். உற்பத்தித் திட்டமிடலில் இருந்த காலம். ஒரு சிறிய கிளிப் வந்து சேரவில்லை. "போகட்டும், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்" என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்பது நாள் கழித்துக் கிளிப் வந்தபோது அது உட்கார வேண்டிய இடத்துக்கு மேலே காற்றுக்குழாயும் வயர்க்கட்டும் ஏறியிருந்தன. அரை மணி நேர வேலை இரண்டு ஷிஃப்ட்டைத் தின்றது. கழற்றிய ஒவ்வொன்றையும் திரும்ப மாட்டி, திரும்பச் சோதித்து, திரும்ப முத்திரை வாங்க வேண்டியிருந்தது. உள்ளே படுத்து வேலை செய்த மூத்த தொழிலாளி வெளியே வந்து சொன்னார்: "இடம் இருந்தப்போ பொருள் இல்ல சார், பொருள் வந்தப்போ இடம் இல்ல."

தெரிந்தும் ஏன் தள்ளுகிறோம்? பணம்தான். ஒரு விமானத்தின் விலையில் பெரும்பங்கு அதை ஒப்படைக்கும் நாளில்தான் கைக்கு வரும். அதுவரை உலோகமாகவும் உழைப்பாகவும் காசு தரையில் நிற்கிறது. ஒரு நாள் நிறுத்தினால் அதன் நஷ்டம் அன்று மாலையே அறிக்கையில் தெரிந்துவிடும். தள்ளிவிட்ட வேலையின் நஷ்டமோ வேறொரு மாதத்தில், வேறொருவருடைய கணக்கில் போய் விழும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உற்பத்தி எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-லேயே எழுதினார். இந்தத் தொழிலின் விலை நிர்ணயமே இன்றும் அந்தக் கற்றல் வளைவை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை பழகும். தள்ளிய வேலை ஒவ்வொரு முறையும் வேறு ஆளிடம், வேறு மூலையில் வந்து நிற்கிறது. கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

போயிங் 787 இதன் பெரிய உதாரணம். இறக்கையும் உடற்பகுதியும் உலகின் பல மூலைகளில் உள்ள கூட்டாளிகளிடம் முழுமையாகத் தயாராகி வரும், அமெரிக்காவின் எவரெட் ஆலையில் மூன்றே நாளில் பொருத்திவிடலாம் என்பது திட்டம். வடிவமைப்புச் செலவில் ஒரு பகுதியையும் கூட்டாளிகளே சுமப்பார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்து வெளியே இழுத்து வந்த முதல் விமானத்தில் பல இடங்களில் தற்காலிகப் பிணைப்பான்கள்தான் இருந்தன. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். முழுமையாக வர வேண்டிய பகுதிகள் அரைகுறையாக வந்திருந்தன. 2009 டிசம்பரில்தான் அது பறந்தது. 2008-இல் தர வேண்டிய முதல் விமானம் ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனத்துக்கு 2011 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. வேலையை வெளியே கொடுத்தால் லாபமும் கூடவே வெளியே போகும், பொறுப்பு மட்டும் நம்மிடம் தங்கும் என்ற பொருளில் ஹார்ட்-ஸ்மித் என்ற போயிங் பொறியாளரே 2001-இல் எச்சரித்திருந்தார்.

ஏர்பஸ்ஸிலும் இது நடந்தது, கொஞ்சம் வேறு உருவத்தில். ஏ380-இல் சுமார் 530 கிலோமீட்டர் நீள வயர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு, பிரான்ஸின் துலூஸில் புதியது. இரண்டும் ஒத்துப்போகாததால், இறுதிப் பொருத்துதலின்போது வயர்க்கட்டுகளில் பல எட்டவில்லை. முடிவில் ஜெர்மனியில் இருந்து ஆட்களே துலூஸுக்கு வந்து கையால் வயர் போட்டார்கள். திட்டம் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அங்கே மிச்சம் எந்தப் பட்டியலிலும் இல்லை, வரைபடத்துக்குள் ஒளிந்திருந்தது.

இதுவரை சொன்னவை தாமதமும் பணமும். 2024 ஜனவரி 5 வேறு. போர்ட்லாந்தில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பயன்பாட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாரும் இறக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். விசாரணையில் தெரிந்தது இது: போயிங்குக்கு உடற்பகுதி செய்து தரும் ஸ்பிரிட் நிறுவனத்தில் இருந்து வந்த உடற்பகுதியில் சில ரிவெட்டுகள் பழுது. அதைச் சரிசெய்ய போயிங்கின் ரென்டன் ஆலையில் அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது நான்கு போல்ட்டுகளை மாட்டவில்லை. திறந்ததற்கான பதிவே இல்லை. பதிவு இல்லாததால் மூடியதைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் வேலை எழுதப்படவில்லை. அரை மணி நேரக் கிளிப் வேலையில் நாங்கள் எழுதிய மறுசோதனைத் தாள்களை நினைத்துக்கொண்டேன். சலிப்பூட்டும் காகிதங்கள், ஆனால் அவைதான் அங்கே இல்லாமல் போயின.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகச் சிறிய சப்ளையர்களிடம் வேலை செய்பவர்களுக்கு, நான் சொல்வது கொஞ்சம்தான். எதைத் திறந்தாலும், ஒரே ஒரு போல்ட்டாக இருந்தாலும், கழற்றும் முன் எழுதுங்கள். பாக்கி வேலைகள் எத்தனை என்பதோடு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் பழையது என்றும் கேளுங்கள். பத்து நாளைத் தாண்டியது கிட்டத்தட்ட எப்போதும் கழற்றி மாட்டும் வேலையாக மாறியிருக்கும். குறை உள்ள பாகத்தை "அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று அனுப்பச் சொன்னால், அனுப்பச் சொன்னவரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். பாதி பேர் அந்த இடத்திலேயே மனம் மாறிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

லைனை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். சுவரில் "யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று எழுதியிருப்பார்கள். போன ஆண்டு எத்தனை முறை நிறுத்தினீர்கள் என்று கேட்டால் மௌனம்தான் பதில். சரி, நிறுத்தியவருக்கு அடுத்த சம்பள உயர்வு எப்படி இருந்தது என்றும் கேட்கலாம்.

விபத்துக்குப் பிறகு 2024 மார்ச்சில் இருந்து போயிங் ஒரு விதி வைத்தது. குறைகளை ஸ்பிரிட்டின் விச்சிட்டா ஆலையிலேயே சரிசெய்த உடற்பகுதிகளை மட்டுமே ஏற்பது. 737 மேக்ஸ் உற்பத்தி மாதம் 38-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமும் கட்டுப்படுத்தியது. இலையுதிர்காலத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டது. 2023-இல் 528 விமானங்களை ஒப்படைத்த நிறுவனம் 2024-இல் 348 மட்டுமே ஒப்படைத்தது. செலவைக் குறைக்க 2005-இல் விற்ற அதே விச்சிட்டா ஆலையை 2025 டிசம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.