புல்லுக்குக் கீழே ஒன்றரை அடி

கோவில்பட்டியில் அக்கா வீட்டுக் கொல்லைப்புறம் 20 அடிக்கு 40 அடி இருக்கும். ஹாக்கிக்குப் பேர் போன ஊர்தான், ஆனால் அக்கா பையன்கள் இருவருக்கும் கால்பந்துதான் உயிர். அவர்களுக்காக அங்கே செயற்கைப் புல் போட்டார்கள். ஆடி மாதம் பார்த்தபோது கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. ஐப்பசி மழை முடிந்து போனால் நடுவில் குளம், ஓரத்தில் மேடு, விரிப்புகள் சேரும் இடமெல்லாம் வாய் பிளந்து கிடந்தன.

"மட்டமான புல்லைத் தலையில கட்டிட்டாங்களோடா தம்பி?" என்றாள் அக்கா.

சுருட்டிப் பார்த்தோம். புல்லில் குறையே இல்லை. அடியில் மூன்று விரல் கனத்துக்கு எம்-சாண்ட், அதற்குக் கீழே நேராகக் கரிசல் மண். தவறு அங்கேதான் இருந்தது.

கரிசலில் உள்ள களிமண் துகள்கள் மெல்லிய ஏடுகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும். தண்ணீர் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. கோடையில் தண்ணீர் வெளியேறியதும் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. பருத்திக்கு அருமையான மண். அதன் மேல் எதை விரித்தாலும் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும்.

அதனால் இந்த முறை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்தோம். மேலே போடுவது கரிசலோடு கலந்துவிடாமல் இருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் முக்கால் அடிக்குச் சரள் மண் கொட்டினோம். கொட்டியதை ஒரேயடியாக இடித்து இறுக்கக் கூடாது, பாதிப் பாதியாக இடிக்க வேண்டும். மேலே இடிக்கும் அதிர்வு ஓரளவு ஆழம்வரைதான் இறங்கும்.

மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று உரசி நகர மறுக்கும். ஈரம் கூடிவிட்டால் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்று துகள்களை நெருங்கவிடாது. நடுவில் ஒரு அளவு ஈரத்தில்தான் மண் மிக அதிகமாக இறுகும். கலிபோர்னியாவில் அணை வேலை பார்த்த பொறியாளர் ரால்ப் பிராக்டர் 1933-இல் இதை அளந்து காட்டினார். எங்கள் கொத்தனார் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினார். உருண்டை பிடித்தது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை, கீழே போட்டதும் நாலு துண்டாக உடைந்தது. "இப்ப இடிக்கலாம்" என்றார். பிராக்டர் சொன்ன அளவைக் கையாலேயே பார்ப்பது இப்படித்தான்.

அப்புறம் வாட்டம், அதாவது தண்ணீர் வழியச் சரிவு. கோர்ட் பார்க்கச் சமதளமாகத் தெரிய வேண்டும், ஆனால் சமதளமாக இருக்கக் கூடாது. நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில், 20 அடி அகலத்துக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் சரிவு கொடுத்தோம். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்தச் சின்ன இடத்தில் மட்டும் சுமார் 3,700 லிட்டர் விழும். 15 லிட்டர் குடத்தில் அள்ளினால் கிட்டத்தட்ட 250 குடம்! அது புல்விரிப்பின் ஓட்டைகள் வழியாக இறங்கி, ஜல்லிக்குள் புகுந்து, சரிவாக இடித்த சரளின் மேல் வழிந்து, ஓரத்தில் புதைத்த துளைக் குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். கரிசலைத் தொடவே கூடாது.

சரளுக்கு மேல் அரை அடி ஜல்லி, அதற்கு மேல் மட்டம் பார்க்கக் கால் அங்குலச் சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி. ஆற்றுக் கூழாங்கல்லைப் போடலாமே என்று மாமா கேட்டார். கூழாங்கல் உருளும், உடைத்த ஜல்லியின் கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நகராமல் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் புல். 1966-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் விரித்த செயற்கைப் புல் குட்டை நைலான் இழை, நடுவில் எதையும் நிரப்பாதது. இன்றைக்குக் கால்பந்துக்குப் போடுவது நீளமான பாலிஎத்திலீன் இழை. மென்மையானது, தோலைச் சிராய்ப்பது குறைவு. ஆனால் தனியாக நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்திப் பிடிப்பது இழைகளுக்கு இடையே நிரப்பும் மணல். ஒரு சென்டிமீட்டர் நிரப்பினாலே இந்த இடத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் மணல் ஆகும். வெயிலில் பிளாஸ்டிக் விரிவடைந்து சுருக்கம் விழாமல் அழுத்திப் பிடிப்பதும் அந்தப் பாரம்தான்.

மணலுக்கு மேல் பழைய டயரை அரைத்த ரப்பர் தூவுவது வழக்கம். அது நுண்பிளாஸ்டிக்காக மழைநீரோடு ஓடிவிடுகிறது என்பதால், 2031-க்குப் பிறகு அதன் விற்பனையைத் தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்தது. பிள்ளைகள் விழுந்து புரளும் இடம், பக்கத்திலேயே கிணறு. எங்களுக்கு ரப்பர் வேண்டாமென்று பட்டது. புல்லுக்கு அடியில் நுரை விரிப்பு போட்டுக்கொண்டோம். விழுகிற அடியை அது வாங்கிக்கொள்கிறது.

வெயிலுக்கு மட்டும் முழுத் தீர்வு கிடையாது. உயிர்ப்புல் இலை வழியாக நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. உச்சி வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும், வெறுங்காலை வைக்கவே முடியாது. தண்ணீர் தெளித்தால் அது காயும்வரைதான் சூடு தணியும். ஐந்து மணிக்கு மேல்தான் ஆட்டம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்கன்றும் வைத்தாயிற்று.

ஃபிஃபாவின் உயர்தரச் சான்றுக்கு ஒரு சோதனை உண்டு: இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டால் 60 முதல் 85 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். பெரியவன் சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான். முதல் நாள் பந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. மூன்று மாதம் கழித்து கோல் வாசலில் மட்டும் மேல்கோட்டைத் தாண்டியது. குனிந்து பார்த்தால் அங்கே இழையெல்லாம் படுத்துக் கிடந்தது, மணல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. கெட்டி நார்த் துடைப்பத்தை எடுத்து, இழை சாய்ந்த திசைக்கு எதிராக அரை மணி நேரம் பெருக்கினான். மறுபடி பந்தை விட்டோம். 78.