கவுண்டி ஜெயிலில் ஒருவரைத் தேடுவது எப்படி: கலிஃபோர்னியாவில் கைதுப் பதிவும் புக்கிங் படமும்

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது கூகுளில் பெயரைத் தட்டுவதுதான். மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் அரசுத் தளங்களே அல்ல. 'பதிவு கிடைத்துவிட்டது, பார்க்கப் பணம் கட்டுங்கள்' என்று கிரெடிட் கார்டு கேட்கும் தனியார் தளங்கள். பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைத்தது அதே பெயருள்ள வேறு யாருடையோ பழைய முகவரி. தயவுசெய்து கட்டாதீர்கள். கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகம் இந்தத் தகவலை இலவசமாகத் தருகிறது, சட்டப்படி தந்தாக வேண்டும்.

சட்டம் சுருக்கமாக இதுதான். கலிஃபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 7923.610ஆம் பிரிவுப்படி, கைதானவரின் பெயர், தொழில், அங்க அடையாளம், பிறந்த தேதி, கைதான நேரம், இடம், புக்கிங் (ஜெயிலில் சேர்த்துப் பதிவு செய்வது) நேரம், குற்றச்சாட்டுகள், ஜாமீன் தொகை, இப்போது எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் யார் கேட்டாலும் சொல்ல வேண்டியவை. விசாரணை கெடும், யாருக்காவது ஆபத்து என்றால்தான் மறுக்கலாம். நீங்கள் உறவினரா, எதற்குக் கேட்கிறீர்கள், உங்கள் விசா என்ன என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. கவுன்டரில் யாராவது கேட்டால், பொதுப் பதிவுகள் சட்டப்படி கேட்கிறேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

முதல் சறுக்கல் கவுண்டியில். பலரும் தங்கள் வீடு இருக்கும் கவுண்டியில் தேடிவிட்டு 'ஆளே இல்லை' என்று அழுகிறார்கள். கணக்கு வீட்டை வைத்து அல்ல, கைதான இடத்தை வைத்து. ஃப்ரீமாண்டும் மில்பிடாஸும் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள். ஆனால் ஃப்ரீமாண்ட் அலமேடா கவுண்டி, அதன் ஜெயில் டப்ளினில் உள்ள சாண்டா ரீட்டா. மில்பிடாஸ் சாண்டா கிளாரா கவுண்டி, அதற்கு சான் ஹொசேயில் மெயின் ஜெயில், மில்பிடாஸிலேயே எல்ம்வுட். ஒரு கவுண்டி ஷெரிஃபின் பட்டியலில் அடுத்த கவுண்டியின் ஆள் வரமாட்டார். அங்கே போனில் பேசுகிறவரும் 'எங்களிடம் இல்லை' என்று சொல்லி வைத்துவிடுவார்; பக்கத்துக் கவுண்டியில் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்தது நேரம். கைதான உடனே பெயர் இணையத்தில் வராது. கைரேகை, படம், மருத்துவக் கேள்விகள் எல்லாம் முடிந்து புக்கிங் பதிவாகப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை ஊர் போலீஸ் நிலையத்தில்கூட இருக்கலாம். பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கைதானவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று போன் அழைப்புக்கு இந்த மாநிலத்தில் உரிமை உண்டு. அதனால் தெரியாத எண்ணாக இருந்தாலும் அன்று எடுத்துவிடுங்கள். ஆனால் ஜெயில் போன் பதிவாகிறது. 'என்ன நடந்தது' என்று அதில் கேட்காதீர்கள், அவரையும் சொல்ல விடாதீர்கள். எந்த ஜெயில், புக்கிங் எண் என்ன, என்றைக்கு கோர்ட் என்று மட்டும் கேளுங்கள்.

தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். தளம் கடைசிப் பெயர், முதல் பெயர் என்று கேட்கும். நம் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் கடைசிப் பெயர் கட்டம் காலி. அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே கடைசிப் பெயர் ஆகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும். கார்த்திகேயன் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தால், சுப்பிரமணியன் கடைசிப் பெயராக, கார்த்திகேயன் கடைசிப் பெயராக, முதல் பெயர் 'எஃப்.என்.யு' ஆக, இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக என்று எல்லா விதமாகவும் தேடிப் பாருங்கள். சுப்பிரமணியன் என்பதில் கடைசி எழுத்து 'என்'னா 'எம்'மா என்பதிலேயே தேடல் தவறிவிடும். டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் எழுத்துக்கூட்டலை முதலில் போடுங்கள், கைதின்போது பெரும்பாலும் கையில் இருப்பது அதுதான். அப்படியும் வரவில்லை என்றால் ஜெயிலுக்குப் போன் செய்து பிறந்த தேதியை வைத்துத் தேடச் சொல்லுங்கள். புக்கிங் எண் கிடைத்ததும் எழுதி வையுங்கள், அதற்கப்புறம் பெயர்த் தொல்லை இல்லை.

குடியேற்றத் துறை பிடித்திருந்தால் ஷெரிஃப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஐஸ் எனப்படும் அந்தக் குடியேற்ற அமலாக்கத் துறைக்குத் தனித் தேடல் தளம் உண்டு, அதில் பெயர் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது, பிறந்த நாடும் கேட்கும்.

ஆள் கிடைத்துவிட்டார் என்றால் திரையில் தெரியும் குற்றச்சாட்டைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். அது போலீஸ்காரர் எழுதியது. வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவதா என்பதை கவுண்டியின் அரசு வழக்கறிஞரான மாவட்ட அட்டர்னிதான் முடிவு செய்வார். புக்கிங்கில் பெரிதாக இருப்பது கோர்ட்டில் சிறியதாவதும் உண்டு, வழக்கே போடாமல் விடுவதும் உண்டு. உள்ளே இருப்பவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், ஆனால் ஞாயிறும் விடுமுறை நாட்களும் அதில் சேராது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் ஏஜென்ட்டிடம் போனால் அவர் வாங்கும் கட்டணம், வழக்கமாக ஜாமீன் தொகையில் 10 சதவீதம், திரும்பி வராது. வழக்கே தள்ளுபடியானாலும் வராது.

இந்தப் பட்டியலை மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். பெயர், புக்கிங் எண், ஜாமீன் தொகை எல்லாம் சரியாகச் சொல்லி, 'ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், இப்போதே பணம் அனுப்பினால் இன்றிரவே வெளியே விடுகிறோம்' என்பார்கள். சரியான தகவல் சொல்வதால் அவர் அதிகாரி ஆகிவிட மாட்டார். கிஃப்ட் கார்டிலோ ஃபோன் ஆப்பிலோ எந்த ஷெரிஃபும் ஜாமீன் கேட்பதில்லை. போனை வைத்துவிட்டு, ஜெயிலின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள்.

இனி படம். தகவலைக் கேட்டுப் பெற உரிமை உண்டு, படத்துக்கு அப்படி இல்லை. புக்கிங் படத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் ஷெரிஃபின் விருப்பம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2003இல் கருத்துரை தந்துவிட்டார். மற்ற மாநிலங்களில் வேறு மாதிரி. ஃப்ளோரிடாவில் தாராளமாக வெளியே வரும், நியூயார்க்கில் 2019 முதல் கட்டுப்பாடு. அரிசோனாவின் மரிகோபா கவுண்டி விசாரணைக்கு முன்பே படங்களைத் தளத்தில் போட்டு வந்தது. தண்டனை பெறாதவரை இப்படிக் காட்சிக்கு வைப்பதே ஒரு தண்டனை என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொன்னது. கலிஃபோர்னியாவில் போலீஸின் சமூக ஊடகப் பக்கத்தில் படம் போட்டிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, 14 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

பழைய பதிவு வேண்டும் என்று போகிறவர்களுக்குத்தான் உண்மையான அலைச்சல். போலீஸ் நிலையம் ஷெரிஃபைக் கேள் என்னும், ஷெரிஃப் கோர்ட்டைக் கேள் என்பார், கோர்ட் நேரில் வா என்னும். ஒவ்வொரு கவுன்டரிலும் பாதி நாள் போகும். யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் இதில் பாதி மிச்சம். சம்பவ அறிக்கை கைது செய்த போலீஸிடம். உள்ளே வந்த, வெளியே போன தேதி ஷெரிஃபிடம். வழக்கு எப்படி முடிந்தது என்பது அந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம். கிரிமினல் வழக்கின் ஆவணங்களை வீட்டிலிருந்து இணையத்தில் பார்க்க கோர்ட் விதி விடாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். பொதுமக்கள் தேடலில் பிறந்த தேதியை வைத்துத் தேடவும் 2021 தீர்ப்புக்குப் பிறகு வழியில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் உங்கள் வழக்கு எண்தான் உங்களைக் காப்பாற்றும். எந்தத் துறையிடமும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கேட்டால் தர வேண்டுமா இல்லையா என்று 10 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வாயால் கேட்டதற்கு உங்களிடம் அத்தாட்சியே இருக்காது.

வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்களா? 'அப்பாடா' என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்தக் கைதை வெறும் தடுத்துவைப்பாகக் கருத வேண்டும் என்று பினல் கோடு 849.5 சொல்கிறது. அதற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று 851.6 சொல்கிறது. கேட்காமல் எங்கும் கையில் வந்ததாக நான் பார்த்ததில்லை. கைது செய்த துறையிடம் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வழக்கில்லாத கைதையோ, விடுதலையில் முடிந்ததையோ சீல் வைக்க, அதாவது பொதுப் பார்வையிலிருந்து மூடி வைக்க, 851.91இன்கீழ் மனுப் போடலாம். சில பதிவுகள் தானாகவே சீல் ஆகும் ஏற்பாடும் இருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சீல் ஆனதும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து விசாக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை கொடுக்கிறவர் தண்டனையில் முடியாத கைதைப் பற்றிக் கேட்கக்கூடாது, கலிஃபோர்னியா லேபர் கோடு 432.7 அதைத் தடுக்கிறது. குடியேற்றத் துறைக்கு அந்தத் தடை இல்லை. டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவமும் குடியுரிமை விண்ணப்பமும் எப்போதாவது கைதானீர்களா என்றே கேட்கின்றன. சீல் வைத்திருந்தாலும் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். கைரேகை அவர்களிடம் இருக்கிறது. கைதைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிடும். குடித்துவிட்டு ஓட்டிய கைது என்றால் தண்டனைக்கு முன்பே விசாவை ரத்து செய்கிறார்கள், ஊருக்கு டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கோர்ட்டின் முத்திரை வைத்த இறுதி உத்தரவை இரண்டு மூன்று நகலாக, பதிவை சீல் வைக்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். சீல் ஆனபின் உங்கள் சொந்த உத்தரவை வாங்கவே கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும்.

படத்தை எடுக்கக் காசு கேட்கும் தளங்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அப்படிக் கட்டணம் கேட்பதே இந்த மாநிலத்தில் 2015 முதல் சட்டவிரோதம், சிவில் கோடு 1798.91.1. ஒன்றுக்குக் கொடுத்தால் அதே படம் இன்னொரு தளத்தில் முளைக்கும். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரலிடம் புகார் கொடுங்கள். 2018இல் இதே அலுவலகம் இப்படி ஒரு தளத்தை நடத்தியதாக நான்கு பேர் மீது மிரட்டிப் பணம் பறித்த வழக்குப் போட்டிருக்கிறது. கூடவே கூகுளில், நீக்கப் பணம் கேட்கும் தளங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்க ஒரு படிவம் இருக்கிறது. அதையும் அன்றே நிரப்பி அனுப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது.