அடுப்படிக் குழாய் ஏன் வெடித்தது?

மூணாறில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சில நாட்கள் விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதன்மேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு அன்றைக்கு வேறு கவலை. கொழுந்து கருகும், குழாயில் தண்ணீர் வராது.

செண்டுவாரைப் பக்கம் என் மாமா வீடு. மேட்டில் டேங்க் இருக்கிறது. அதிலிருந்து அரை இஞ்ச் பிவிசி குழாய் புல்மேலேயே இறங்கி வந்து, சுவரைத் துளைத்து அடுப்படிக்குள் நுழையும். நான் போயிருந்த ஒரு ஜனவரியில், காலை ஐந்தரைக்குக் குழாயைத் திருகினால் சொட்டுகூட இல்லை. எட்டரைக்கு வெயில் ஏறியதும் குழாய் இரண்டு முறை இருமியது, ஐஸ் துணுக்குகளைத் துப்பியது. அப்புறம் அடுப்படிக்குள் குழாய் திரும்பும் வளைவு மூட்டில், அதாவது எல்போவில், மயிரிழை அளவு விரிசல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, அடுப்பை அணைத்துவிட்டது.

"ராத்திரி பூரா பனியில கிடந்த குழாய்க்கு ஒண்ணும் ஆகல. அடுப்புப் பக்கத்துல இருக்குறது எப்படி மாப்ள வெடிக்கும்?" என்றார் மாமா.

நல்ல கேள்வி. தண்ணீர் உறைந்தால் பெருக்கும், அதனால் குழாய் வெடிக்கும் என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பெருப்பது உண்மைதான். உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணக் கூடுகளாக, நடுவில் இடம் விட்டுக் கோத்துக்கொள்கின்றன. 100 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 109 லிட்டர் ஐஸாகிறது. ஆனால் குழாய்க்குள் ஐஸ் பெரும்பாலும் நீளவாக்கில் வளர்கிறது. டேங்க் பக்கம் வளர்கிற ஐஸ், தண்ணீரை மேலே டேங்குக்கே தள்ளிவிடும். அங்கே இடம் இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுப் பக்கம் வளர்கிற ஐஸ் என்ன செய்யும்? முன்னால் மூடிய டேப், பின்னால் ஐஸ் அடைப்பு. நடுவில் மாட்டிய தண்ணீர் உறையவே இல்லை. ஆனால் தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்குவது லேசுப்பட்ட காரியமல்ல, ஆகவே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் துண்டில் எது பலவீனமோ அது பிளக்கும். மாமா வீட்டில் அது எல்போ.

எவ்வளவு அழுத்தம்? பிவிசி குழாய்மேல் 6 கிலோ, 10 கிலோ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுர செண்டிமீட்டருக்கு அது தாங்கும் அளவு. மைனஸ் 1 டிகிரியில் தண்ணீர் உறையாமல் தடுத்து நிறுத்த வேண்டுமானால் சுமார் 130 கிலோ அழுத்தம் வேண்டும். அதாவது அந்தக் குளிரில் ஐஸ் அவ்வளவு அழுத்தம் வரை தள்ளிக்கொண்டே இருக்க முடியும். 10 கிலோ குழாய் அதற்கு எந்த மூலைக்கு? விரிசல் விழுந்த பிறகும் ஐஸ் அடைத்துக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. உருகின பிறகுதான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு குழப்பம். திண்ணையில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும், புல்மேல் கிடக்கும் குழாயோ உறைந்திருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல், குழாய், தேயிலை இலை எல்லாமே தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் கொஞ்சம் திருப்பித் தரும், தெளிந்த வானம் அவ்வளவாகத் தராது. அதனால் தரையோடு கிடப்பவை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. கூரையில் இருக்கும் தட்டை வகை சோலார் ஹீட்டருக்கும் இதே கதிதான். காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே அதன் செம்புக் குழல்கள் உறைந்து பிளக்கலாம்.

கூரைக்கடியில் போகும் குழாயின் கணக்கு வேறு. பூஜ்யம் தொட்டதும் தண்ணீர் உறைந்தாக வேண்டும் என்றில்லை. ஐஸ் பிடிக்க ஒரு தொடக்கம் கிடைக்காமல் சில டிகிரி கீழேகூட திரவமாகவே இருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் பரணில் ஓடும் குழாய்களைச் சோதித்தார்கள். வெளியே ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி வந்தால்தான் ஆபத்து என்று கண்டார்கள். நம் மலையில் அந்தக் குளிர் இல்லை. ஆகவே இங்கே கவலை வெட்டவெளிக் குழாய்க்குத்தான்.

அதை ஒரு முழம் ஆழத்தில் புதைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. மண்ணின் சூடு ஒரு ராத்திரியில் போய்விடாது. பாறையாக இருந்தால் காய்ந்த கோணியைச் சுற்றலாம். ஆனால் கோணி சூடு தராது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நனைந்தால் அதுவும் இல்லை. ஓடையிலிருந்து வரும் கருப்பு ஓஸ் மட்டும் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். விறைத்துக் கட்டையாகக் கிடந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

உறைந்துவிட்டால் முதலில் டேப்பைத் திறந்து வையுங்கள், பிறகு டேப் பக்கத்திலிருந்தே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டு போங்கள். மாமா ஒரு முறை செய்தித்தாளைக் கொளுத்திக் காட்டியதில் பிவிசி கொழுக்கட்டை மாவுபோல் குழைந்துவிட்டது.

இதையெல்லாம்விட மலிவான வழி, பனி விழும் இரவில் அடுப்படி டேப்பைச் சொட்டுவிட்டு வைப்பது. சொட்டு போகிற தண்ணீர் உறையாது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓரளவுக்கு உண்டு, ஆனால் முக்கியம் அதுவல்ல. வெளியே உறைந்து அடைத்தாலும், மாட்டிய தண்ணீர் வெளியேற வாசல் இருக்கும். அழுத்தம் ஏறாது.

அத்தைக்கு இது வீண் செலவாகப் பட்டது. "சொட்டு சொட்டா எத்தனை குடம் போகும்!" என்று கீழே ஒரு வாளியை வைத்துவிட்டார். விடிந்து பார்த்தபோது வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. டேப்பில் சொட்டு நின்றிருந்தது. வெளியே குழாய் உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தபோது எல்போ காய்ந்தே இருந்தது.